பம்பிங் 25 சதவீதம், வயிற்றில் ஒரு கட்டி: இரண்டும் ஒரே நோயா?

கொங்குப் பக்கத்து ஊர் ஒன்றில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் 36 வயது வாசகர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மனைவிக்கு வயது 32. ஆறு வயதில் ஒரு மகள். இரண்டரை வருடத்துக்கு முன்பு மனைவிக்கு முகம் உப்ப ஆரம்பித்தது. வயிறும் பெருத்தது, கை கால்கள் மட்டும் மெலிந்துகொண்டே போயின. தெருவில் பார்ப்பவர்கள் "விசேஷமா?" என்று கேட்கிறார்கள் என்று வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். 29 வயதிலேயே ரத்தக் கொதிப்பு, அடுத்த வருடம் சர்க்கரை. மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போனதால் அதைச் சீராக்க ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். தைராய்டு பார்த்தார்கள், சரியாகத்தான் இருந்தது. "வாயைக் கட்டு, நட" என்ற அறிவுரைதான் போன இடமெல்லாம் கிடைத்தது. நாத்தனாரின் வளைகாப்பில் இவருக்கும் வளையல் ஏற்றியிருக்கிறார்கள். மணிக்கட்டில் அழுத்திய இடமெல்லாம் நீலமாகக் கன்றிப்போய் இரண்டு வாரம் மாறவில்லை. வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நான்கு மாதத்துக்கு முன்பு இருமலும் இழுப்பும் வந்தன. ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். கால் வீங்கிக் கொலுசு சதைக்குள் பதிந்தது. ஒரு நாள் நள்ளிரவில் மூச்சே விட முடியாமல் போக, மருத்துவமனையில் சேர்த்து எக்கோ எடுத்தார்கள். இதயம் பெருத்திருக்கிறது, பம்பிங் 25 சதவீதம்தான். ஆஞ்சியோவில் அடைப்பு எதுவும் இல்லை. தண்ணீர் இறங்க ஊசி, இதய மாத்திரைகள் என்று கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது வீட்டுக்குள் நடமாடுகிறார். அங்கேயே எடுத்த வயிற்று ஸ்கேனிலும் அப்புறம் சி.டி.யிலும் இடது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் 3.4 சென்டிமீட்டர் கட்டி இருப்பது தெரிந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் 2.9. காலையில் எடுத்த கார்டிசால் 21. "நார்மல்" என்று ரிப்போர்ட் சொல்கிறது.

வாசகரின் கேள்விகள் இவை. இதயம் செயலிழந்துவிட்டது என்கிறார்களே, மாற்று இதயம்தான் வழியா? இதய டாக்டர், "இதயம் தேறட்டும், கட்டியை ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம்" என்கிறார். அறுவை சிகிச்சை டாக்டர், "அடுத்த வாரமே எடுத்துவிடலாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இருமலுக்கு அம்மா கொடுக்கும் அதிமதுரக் கஷாயத்தைத் தொடரலாமா? கட்டியைக் கரைக்கும் பொடி இருக்கிறது என்கிறார் உறவினர் ஒருவர், வாங்கட்டுமா? கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "கட்டி இருப்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டாவது குழந்தை எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்."

தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது எக்கோ ரிப்போர்ட் இல்லை. கன்றிப்போன மணிக்கட்டும், சுவரைப் பிடித்து எழும் உங்கள் மனைவியும்தான். சாதாரணமாக உடம்பு போடுபவர்களுக்குக் கையும் காலும் சேர்ந்தே பருக்கும். தொடைத் தசை கரையாது. வளையல் பட்டு நீலம் பாயாது. முகமும் வயிறும் பெருத்து, தொடையும் புஜமும் மெலிந்து, தோல் காகிதம் போல ஆகி, சின்ன வயதிலேயே கொதிப்பும் சர்க்கரையும் வந்து, பொட்டாசியமும் இறங்கியிருந்தால், ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதற்குக் குஷிங் நோய்க்குறி என்று பெயர். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912இல் இப்படிப்பட்ட ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதினார். அவர் விவரித்தது மூளையடிச் சுரப்பியால் வருவது. அட்ரினல் சுரப்பியில் வரும் கட்டியாலும் இதே தோற்றம் வரும்.

உங்கள் மனைவிக்கு அதுதான் என்று நான் இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. ஆளைப் பார்க்கவில்லை, முக்கியமான பரிசோதனைகள் இன்னும் நடக்கவில்லை. ஆனாலும் சந்தேகம் வலுவாகவே இருக்கிறது. அது சரியென்றால், இதயம் ஒரு நோய், கட்டி இன்னொரு நோய் என்று நீங்கள் பிரித்து வைத்திருப்பதை மாற்றிக்கொள்ள வேண்டும். நோய் ஒன்றுதான், அது சுரப்பியில் இருக்கிறது. இதயம் அதனிடம் அடிபட்டிருக்கிறது.

"செயலிழப்பு" என்ற சொல் பற்றி

இந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ குடும்பங்கள் நடுங்கிப்போவதைப் பார்க்கிறேன். இதயம் நின்றுவிட்டது என்றோ, இதோ நிற்கப்போகிறது என்றோ இதற்குப் பொருள் இல்லை. உடம்புக்குத் தேவையான ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பம்பிங் 25 என்பதை "நூற்றுக்கு 25 மார்க்" என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல இதயமே ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம் வரைதான் வெளியே தள்ளும். 25 குறைவுதான், கவனமாக இருக்க வேண்டிய அளவுதான். ஆனால் மாற்று இதயத்தைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டியதில்லை. சரிசெய்யக்கூடிய காரணம் எதுவும் இல்லாமல், மருந்துகளுக்கும் கட்டுப்படாதவர்கள் போக வேண்டிய பாதை அது. உங்கள் மனைவி மருந்துக்குத் தேறி வருகிறார். காரணமும் அனேகமாகக் கண்முன் நிற்கிறது.

கார்டிசால் எப்படி இதயத்தைத் தளர்த்துகிறது? சிறுநீரகத்தில் உப்பைத் தக்கவைக்கும் ஒரு பூட்டு இருக்கிறது. ஆல்டோஸ்டிரோன் என்ற வேறொரு ஹார்மோன்தான் அதற்குச் சாவி. கார்டிசாலும் அந்தப் பூட்டில் பொருந்தும் என்பதால், வாசலிலேயே கார்டிசாலைப் பிடித்துச் செயலற்றதாக்க ஒரு நொதியை உடம்பு வைத்திருக்கிறது. கார்டிசால் வெள்ளமாக வந்தால் நொதியால் சமாளிக்க முடியாது. பூட்டு திறந்தபடியே கிடக்கும். உப்பும் தண்ணீரும் தங்கும். பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். ரத்த அழுத்தம் ஏறும். வருடக்கணக்கில் இந்தப் பாரத்தை இழுக்கும் இதயம் முதலில் தடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கட்டத்திலேயே வேறு அறிகுறிகளை வைத்து நோயைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சிலருக்கு மட்டும் இதயம் விரிந்து தளர்ந்துபோய், மூச்சுத் திணறலோடு இதய டாக்டரிடம்தான் முதலில் வந்து நிற்பார்கள். தொடைத் தசையைக் கரைக்கும் அதே கார்டிசால் இதயத் தசை நார்களையும் சிதைக்கிறது என்பதை, இதயத் திசுவைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடைப்பு இல்லாமல் இதயம் விரிந்திருக்கும் நோயாளிகளில் இந்தக் காரணம் அரிது. அதனால்தான் உங்கள் டாக்டர்களுக்கு உடனே தோன்றவில்லை. அவர்கள்மேல் கோபப்படாதீர்கள், உயிர் போகிற இரவில் அவர்கள் செய்தது எல்லாம் சரியானதே.

கார்டிசால் குறைந்தபின் இப்படித் தளர்ந்த இதயம் நன்றாக மீண்டெழுந்ததாக மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் உண்டு. சிலருக்குப் பம்பிங் இயல்பு நிலைக்கே திரும்பியிருக்கிறது. எல்லாருக்கும் முழுதாகத் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தழும்பு எவ்வளவு விழுந்திருக்கிறது, எத்தனை வருடம் ஆகிவிட்டது என்பதையெல்லாம் பொறுத்தது அது. காலம் கடத்தக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

காலை கார்டிசால் "நார்மல்" என்பதை நம்ப வேண்டாம்

கார்டிசால் எல்லாருக்குமே அதிகாலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடியில் இருக்கும். கட்டியிலிருந்து சுரக்கும்போது இந்த ஏற்ற இறக்கம் போய்விடும். ராத்திரியிலும் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். காலை எட்டு மணிக்கு எடுத்துப் பார்த்தால் உங்களுக்கும் 21 வரலாம், எனக்கும் வரலாம். அணைய வேண்டிய நேரத்தில் அணைகிறதா என்று பார்ப்பதுதான் பரிசோதனை.

அதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்து, மறுநாள் காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் கார்டிசால் எடுப்பார்கள். நல்ல சுரப்பி என்றால் அந்த மாத்திரையைக் கண்டதும் அடங்கி, அளவு 1.8க்குக் கீழே போய்விடும். அடங்காவிட்டால் சந்தேகம் உறுதியாகும். கூடவே 24 மணி நேரச் சிறுநீரில் கார்டிசால், நள்ளிரவு உமிழ்நீரில் கார்டிசால் இவற்றில் ஒன்றையும் செய்வார்கள். அடுத்து ஏ.சி.டி.எச். என்ற ரத்தப் பரிசோதனை. அட்ரினலைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன் இது. அட்ரினல் கட்டி தானாகவே சுரந்தால் இது மிகவும் குறைந்திருக்கும். ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் எடுத்து ஐஸில் வைத்து உடனே ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வெளியே கிடந்தால் அளவு தானாகக் குறைந்து தவறான முடிவு வரும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகிறவர்களிடம் இதைக் கொடுக்காதீர்கள். நேரில் போய்க் கொடுங்கள்.

இவற்றுக்கு முன்னால் இரண்டு விஷயம். மாதவிடாய்க்குக் கொடுத்த ஹார்மோன் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருந்தால், அது கார்டிசால் அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். அதோடு, தளர்ந்த இதயமும் கார்டிசாலும் சேர்ந்த உடம்பில் ரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே உண்டு. அதை இந்த மாத்திரை இன்னும் கூட்டும். இன்றைக்கே டாக்டரிடம் காட்டி நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். நிறுத்தி ஆறு வாரம் கழித்துச் செய்யும் பரிசோதனை நம்பகமானது. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாவிட்டால் சிறுநீரும் உமிழ்நீரும் கைகொடுக்கும். அவற்றில் அந்தக் குழப்பம் இல்லை.

இரண்டாவது, கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்துகள். குஷிங் தோற்றத்துக்கு ஊரில் மிகச் சாதாரணமான காரணம் கட்டி இல்லை. வெளியிலிருந்து உடம்புக்குள் போகும் ஸ்டீராய்டுதான். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரை, முகம் வெளுக்கத் தடவும் கிரீம், இழுப்புக்குப் பெயர் தெரியாத பொடி என்று ஏதாவது இந்த மூன்று வருடத்தில் போயிருக்கிறதா? மனைவியிடம் பக்குவமாகக் கேளுங்கள். இருந்தால் பட்டை, டப்பா எல்லாவற்றையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அட்ரினலில் சிறு கட்டி, எந்தத் தொல்லையும் தராமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படுவதும் சகஜம். ஆகவே கட்டி இருக்கிறது என்பதாலேயே பழி அதன்மேல்தான் என்று ஆகிவிடாது.

அது வேறு ஹார்மோன் கட்டியாக இருந்தால்?

அட்ரினல் சுரப்பியின் உள்பகுதியில் அட்ரினலின் வகை ஹார்மோன்களைக் கொட்டும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியும் வரலாம். அதுவும் இதயத்தைத் தளர்த்தும். திடீர் திடீரென்று தலைவலி, படபடப்பு, குபீரென்ற வியர்வை, அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறி இறங்குவது அதன் அடையாளம். உங்கள் கடிதத்தில் இவை இல்லை. ஆனாலும் இல்லை என்று உறுதிசெய்யாமல் யாரும் கத்தியை எடுக்கக் கூடாது. அந்தக் கட்டியை முன்தயாரிப்பு இல்லாமல் தொட்டால் அறுவை மேஜையிலேயே ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் போகும். இதயத்துக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும், ஆல்ஃபா பிளாக்கர் என்ற மருந்தை முதலில் கொடுக்காமல் கொடுத்தால், அந்தக் கட்டி உள்ளவர்களுக்குக் கெடுதல் செய்யலாம். மெட்டாநெஃப்ரின் என்று ரத்தத்திலோ சிறுநீரிலோ ஒரு பரிசோதனை இருக்கிறது. "அடுத்த வாரமே எடுத்துவிடலாம்" என்று சொன்ன டாக்டரிடம், இது பார்த்தாகிவிட்டதா என்று தயங்காமல் கேளுங்கள். கட்டியில் ஊசி குத்தித் திசு எடுக்கலாம் என்று யாராவது சொன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

சி.டி. ரிப்போர்ட்டில் கட்டியின் அடர்த்தி எத்தனை யூனிட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சாயம் செலுத்தாமல் எடுத்த படத்தில் அது 10 அல்லது அதற்குக் கீழே என்றால் கொழுப்பு நிறைந்த சாதுவான கட்டி என்று பெரும்பாலும் நம்பலாம். உங்களுக்குச் சாயம் போட்டு மட்டும் எடுத்திருந்தால் அந்த எண் பயன்படாது. இன்னொரு முறை எடுக்க வேண்டியிருக்கலாம். கட்டி என்றதும் புற்று என்று நீங்கள் முடிவுகட்டியிருப்பது கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. அட்ரினல் புற்று மிக அபூர்வம். பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் வருகிறது. 4 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக, ஓரங்கள் ஒழுங்கில்லாமல் இருந்தால் அந்தச் சந்தேகம் கூடும். 3.4 என்பது அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். எடுத்தபின் திசுவைப் பரிசோதித்து முடிவாகச் சொல்லிவிடுவார்கள்.

ஒரு வருடமா, ஒரு வாரமா?

இரண்டு டாக்டர்கள் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. தண்ணீர் தேங்கிய நுரையீரலோடும் 2.9 பொட்டாசியத்தோடும் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்பதால் இதய டாக்டர் தயங்குகிறார், சரிதான். ஆனால் இதயம் முழுதாகத் தேறும்வரை காத்திருப்போம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டி கார்டிசாலைக் கொட்டிக்கொண்டிருக்கும்வரை மாத்திரைகள் இதயத்தை ஓரளவுக்குத்தான் தாங்கிப்பிடிக்கும். ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கலாம், ஓட்டையை அடைக்காமல் கரை சேர முடியாது.

என் யோசனை இது. பரிசோதனைகளை இப்போதே ஆரம்பியுங்கள். அவை நடக்கும் சில வாரங்களிலேயே நீரை வற்றவைத்து, பொட்டாசியத்தை ஏற்றி, சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். தேவைப்பட்டால் கார்டிசால் உற்பத்தியையே தற்காலிகமாகக் குறைக்கும் கீட்டோகொனசோல் போன்ற மாத்திரைகளும் உண்டு. கல்லீரலையும் இதயத் துடிப்பையும் கண்காணித்துத்தான் கொடுக்க வேண்டும். உடம்பு கொஞ்சம் நிதானப்பட்டதும் லேப்ராஸ்கோப்பி மூலம் அந்தப் பக்கத்துச் சுரப்பியை எடுத்துவிடலாம். ஒரு சுரப்பியோடு வாழ்நாள் முழுதும் நன்றாக இருக்க முடியும்.

இதை ஒரு டாக்டர் தனியாக முடிவுசெய்யக் கூடாது. இதய டாக்டர், ஹார்மோன் டாக்டர், அறுவை சிகிச்சை டாக்டர், மயக்க மருந்து டாக்டர் நான்கு பேரும் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தச் சுரப்பிகளுக்கென்றே தனி அறுவை சிகிச்சைத் துறைகள் இருக்கின்றன. ரிப்போர்ட் நகல்களை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் விண்ணப்பிக்கலாம். வருடத்துக்கு 5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. எந்தெந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கட்டியை எடுத்ததும் எல்லாம் முடிந்துவிடாது

இதைப் பலரும் நோயாளியிடம் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். ஒரு பக்கத்துக் கட்டி இத்தனை வருடமாகக் கொட்டியதால், மறுபக்கத்து நல்ல சுரப்பி வேலையை மறந்து சுருங்கிக் கிடக்கும். கட்டியை எடுத்த அன்றிலிருந்து உடம்பில் கார்டிசாலே இல்லாத நிலை வரும். அதனால் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை ஈடாகக் கொடுப்பார்கள். மறுபக்கம் விழித்தெழ ஆறு மாதம் ஆகலாம், ஒன்றரை வருடமும் ஆகலாம். "இவ்வளவும் ஸ்டீராய்டால் வந்த வினை, மறுபடியும் ஸ்டீராய்டா?" என்று வீட்டில் யாராவது அந்த மாத்திரையை ஒளித்துவைத்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் மாத்திரை அளவைக் கூட்ட வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டாக வேண்டும். இதை ஓர் அட்டையில் எழுதி அவர் பையில் எப்போதும் வைத்திருங்கள், ஒரு நகல் உங்கள் சட்டைப்பையிலும்.

முதல் சில மாதங்கள் உடம்பெல்லாம் வலிக்கும், மூட்டு பிடிக்கும், தோல் உரியும், மனசு சோர்ந்து போகும். அறுவை தவறிவிட்டதோ என்று பயப்படாதீர்கள், வெள்ளம் வடிகிறது. முதலில் முக வீக்கம் வற்றும். தொடை வலு திரும்ப நாளாகும். கைகளைக் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் முக்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். இன்றைக்கு எப்படி எழுகிறார் என்பதையும் குறித்துவையுங்கள்.

இதய மாத்திரைகளைக் கட்டி போனதென்று நிறுத்தக் கூடாது. ஆனால் அளவை மாற்ற வேண்டிவரும். பொட்டாசியம் வெளியேறுவது நின்றுவிடும் என்பதால், ஸ்பைரோனோலாக்டோன் போல அதைத் தக்கவைக்கும் மாத்திரைகளும் பொட்டாசியம் சிரப்பும் அதே அளவில் தொடர்ந்தால் அது மேலே ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். சர்க்கரை மருந்தும் கொதிப்பு மருந்தும் குறையும். முதல் சில வாரங்கள் அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். இப்போது குறைவாக இருக்கிறது என்று நீங்கள் தினம் வாங்கிக் கொடுக்கும் இளநீரையும் அப்போது டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். எக்கோவை மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் எடுத்துப் பாருங்கள்.

கஷாயமும் பொடியும்

அம்மாவின் அன்பைக் குறை சொல்லவில்லை. சாதாரணச் சளி இருமலுக்கு நம் வீடுகளில் அதிமதுரம் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் உங்கள் மனைவிக்கு வந்த இருமல் சளியால் வந்ததில்லை, நுரையீரலில் தண்ணீர் தேங்கியதால் வந்தது. கார்டிசாலை வாசலில் பிடிக்கும் ஒரு நொதியைப் பற்றி மேலே சொன்னேனே, அதிமதுரம் அதே நொதியைத்தான் முடக்குகிறது. ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் அந்தக் காவலையும் எடுத்துவிட்டால் உப்பு இன்னும் தங்கும், பொட்டாசியம் இன்னும் இறங்கும். கஷாயத்தை இன்றோடு நிறுத்துங்கள். நிறுத்திய விஷயத்தை டாக்டரிடமும் சொல்லுங்கள், 2.9இல் அதன் பங்கும் கொஞ்சம் இருக்கலாம். அம்மாவிடம், "இந்த நோய்க்கு இது மட்டும் ஆகாதாம்" என்று சொன்னால் புரிந்துகொள்வார். கட்டியைக் கரைக்கும் பொடி எதுவும் கிடையாது, வாங்காதீர்கள். அப்படி விற்கப்படும் பொடிகளில் ஸ்டீராய்டைக் கலப்பதும் உண்டு. சாப்பிட்ட நான்கு நாள் தெம்பாக இருப்பது அதனால்தான்.

மனைவியிடம் சொல்வது

தம்பி, இதில்தான் உங்களோடு நான் முழுக்க மாறுபடுகிறேன். அவர் பயந்துவிடுவார், இதயம் தாங்காது என்று மறைத்திருக்கிறீர்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அறுவைக்குச் சம்மதக் கையெழுத்து போட வேண்டியவர் அவர். சுய நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் சம்மதத்துக்குப் பதிலாக வேறொருவர் சம்மதம் தர முடியாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் கையெழுத்து போட்டவர் பெற்ற தாய், அதுவே செல்லவில்லை. சட்டத்தை விடுங்கள். காய்ச்சலன்று மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்பது தெரியாத மனைவி, நீங்கள் பட்டறைக்குப் போன ஒரு பகலில் என்ன செய்வார்?

அவருக்கு இது கெட்ட செய்தியாக இருக்கும் என்று நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். இரண்டரை வருடமாக அவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் "தின்று தின்று இப்படி ஆகிவிட்டாய்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அரை வயிறு சாப்பிட்டும் உடம்பு பெருத்ததை அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார். ராத்திரி தூக்கம் இல்லை, சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுகிறார், காரணமில்லாமல் அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவற்றிலும் கார்டிசாலுக்குப் பங்குண்டு. இது உன் வாயாலும் வரவில்லை, உன் சோம்பலாலும் வரவில்லை, மூன்றரை சென்டிமீட்டர் கட்டியால் வந்திருக்கலாம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று அவர் காத்துக்கொண்டிருக்கக்கூடும். தனியாகச் சொல்லத் தயக்கம் என்றால் டாக்டர் முன்னால் வைத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது குழந்தைக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. இப்போது கருத்தரிப்பது அவர் உயிருக்கே ஆபத்து. இதயத்துக்குத் தரும் மாத்திரைகளில் சில கருவையும் பாதிக்கும். மாதவிடாய் தள்ளிப் போகிறது என்பதால் கரு தங்காது என்று இருந்துவிடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வேண்டாம். ஆணுறையோ காப்பர்-டியோ பாதுகாப்பு. கட்டியை எடுத்து, பம்பிங் ஏறி, மறுபக்கச் சுரப்பியும் விழித்தபிறகு இதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் சேர்ந்து பார்த்துச் சொல்லட்டும். கதவு அடைத்துவிட்டது என்று இப்போதே சொல்ல வேண்டியதில்லை.

படுத்தால் மறுபடி மூச்சு முட்டினாலோ, மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, எந்தத் தேதிக்காகவும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இல்லை என்றால் ஒன்று வாங்குங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பார்த்துக் காலண்டரில் எழுதிவரட்டும்.

முடிவுகள் வந்ததும் மறுபடி எழுதுங்கள். சாயமில்லாத சி.டி.யின் எண், மெட்டாநெஃப்ரின், டெக்ஸாமெத்தசோனுக்குப் பிந்தைய கார்டிசால், ஏ.சி.டி.எச். இந்த நான்கும் இருந்தால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும். அந்தக் கடிதத்தில் உங்கள் மனைவியும் தன் கைப்பட எழுதட்டும். மாதவிடாய் கடைசியாக எப்போது வந்தது, என்னென்ன மாத்திரை, கிரீம் பயன்படுத்தினார், ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும்.